காய்ச்சல் தணிந்த நாளில் கண்ணயர வேண்டாம்

 

மழைக்காலம் வந்துவிட்டால் காய்ச்சல் எட்டிப் பார்க்காத இல்லங்கள் குறைவு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் விரைகிறோம். "காய்ச்சல் என்றைக்குத் தொடங்கியது?" என்று அவர் கேட்கிறார். "இரண்டு மூன்று நாளாக இருக்கும்" என்கிறார் உம்மா. "இல்லை, வெள்ளிக்கிழமையே உடம்பு சுட்டது" என்று திருத்துகிறார் பெத்தும்மா. தடிப்பு முதலில் முகத்தில் தோன்றியதா, முதுகில் தோன்றியதா என்று அடுத்த கேள்வி வரும்போது, இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கின்றனர்.

இக்கேள்விகளை வெறும் விசாரிப்பு என்று எண்ணிவிடலாகாது. எந்த நோயை ஐயுறுவது, எந்தச் சோதனையைச் செய்வது, எந்த ஆபத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது என்பனவற்றையெல்லாம் மருத்துவர் தீர்மானிப்பதற்கு இவ்விடைகளே பெரிதும் துணை செய்கின்றன. வைரஸ் காய்ச்சல்கள் தொடக்கத்தில் ஒன்றுபோலவே தோன்றும். எந்த அறிகுறி எந்த நாளில், எந்த வரிசையில், உடலின் எந்த இடத்தில் வந்தது என்பதே அவற்றைப் பிரித்துக் காட்டும்.

அர்ராஸீ காட்டிய வழி

இந்த வழியை உலகுக்குத் தெளிவாகக் காட்டியவர்களுள் முன்னிற்பவர் நம் முன்னோர்களில் ஒருவரே. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் பாரசீகத்தின் ரை நகரில் பிறந்து, பக்தாத் மருத்துவமனையிலும் பணியாற்றிய அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸக்கரிய்யா அர்ராஸீதான் அவர். பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டுவதற்கென்றே 'கிதாபுல் ஜுதரீ வல்ஹஸ்பா' என்னும் நூலை அவர் எழுதினார். முதுகுவலி மிகுந்திருப்பது பெரியம்மையின் பக்கமும், குமட்டலும் மனக்கலக்கமும் மிகுந்திருப்பது தட்டம்மையின் பக்கமும் சுட்டுவதாக அவர் கண்டறிந்தார்.

வைரஸ் என்ற ஒன்று இருப்பதை உலகம் அறிந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். நோயின் காரணம் பற்றி அர்ராஸீ கொண்டிருந்த கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் நோயாளியின் படுக்கையருகே இருந்து அவர் கண்ட வேறுபாடுகள் பல நூற்றாண்டுகள் மருத்துவர்களுக்கு வழிகாட்டின.

தடிப்பு சொல்லும் செய்தி

தட்டம்மையை எடுத்துக்கொள்வோம். முதல் மூன்று நான்கு நாட்கள் காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல் ஆகியவையே இருக்கும். அப்போது கன்னத்தின் உட்புறத்தில் உப்புத் தூளைத் தூவியதுபோல் நுண்ணிய வெண்புள்ளிகள் தோன்றக்கூடும். 1896ஆம் ஆண்டு கோப்லிக் என்னும் அமெரிக்க மருத்துவர் இவற்றின் முக்கியத்துவத்தை எடுத்துரைத்தார். அதன் பின்னரே காதின் பின்புறத்திலும் நெற்றியோரத்திலும் தடிப்பு தொடங்கி, முகம், மார்பு, கால் என்று மேலிருந்து கீழாக இறங்கும்.

சின்னம்மையின் போக்கு வேறு. பெரும்பாலும் மார்பு, முதுகு, முகம் ஆகிய இடங்களில் அரிப்புடன் தொடங்கி, கொப்புளங்கள் அலையலையாகக் கிளம்பும். ஆகவே சிவந்த புள்ளி, நீர் கோத்த கொப்புளம், காய்ந்த பொருக்கு ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் காணலாம். பெரியம்மையிலோ ஓரிடத்துக் கொப்புளங்கள் யாவும் ஒரே பருவத்தில் இருக்கும். முகத்திலும் கைகால்களிலும் அவை நெருக்கமாகக் காணப்படும்.

இந்த வேறுபாட்டைத் துணையாகக் கொண்டுதான் பெரியம்மையை உலகம் வென்றது. நோயுற்ற குழந்தையின் படம் பதித்த அட்டையைக் கையிலேந்திய பணியாளர்கள் நம் நாட்டின் ஊர்களில் வீடு வீடாகச் சென்று, "இப்படி யாருக்கேனும் இருக்கிறதா?" என்று விசாரித்தனர். இந்தியாவில் 1975இல் பெரியம்மை முடிவுக்கு வந்தது. இயற்கையாகப் பரவிய கடைசி நோயாளி 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டார். 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அந்நோய் ஒழிந்ததை அறிவித்தது.

ஏமாற்றும் டெங்கு

இக்கட்டுரையின் தலைப்புக்குக் காரணமான நோய் டெங்கு. திடீரெனக் கடுங்காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னே வலி, உடம்பு முறித்துப் போட்டாற்போன்ற வேதனை ஆகியவற்றுடன் இது தொடங்கும். இரண்டு முதல் ஏழு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கும். வீட்டார் "அல்ஹம்துலில்லாஹ்" என்று பெருமூச்சு விடுவர். பலர் விரைவில் தேறிவிடுவதும் உண்மையே. ஆனால் சிலருக்கு ஆபத்து தொடங்குவது அந்த நாளில்தான்!

அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து வெளியேறக்கூடும். உடல் சுடாது, ஆனால் இரத்த அழுத்தம் சரியும். விடாத வயிற்றுவலி, தொடர்ந்த வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, கறுத்த மலம், சோர்ந்து கிடத்தல் அல்லது அமைதியின்றித் துடித்தல், கைகால் சில்லிடுதல், பல மணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த நொடியே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். "காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, காலையில் பார்க்கலாம்" என்று ஓர் இரவைக் கடத்துவது ஓர் உயிரையே விலையாகக் கேட்கக்கூடும்.

சிக்குன்குன்யா டெங்குவின் உடன்பிறப்புப்போல் தோன்றும். இரண்டையும் பரப்புவது பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவே. எனினும் சிக்குன்குன்யாவில் மூட்டுவலியே மேலோங்கும். ருகூவுக்குக் குனியவும் ஸஜ்தாவுக்கு இறங்கவும் முடியாதபடி மூட்டுகள் வீங்கும். 2006இல் தமிழகத்தில் இது பரவியபோது பட்ட துன்பத்தைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பர்.

அறிகுறி ஒரு வழிகாட்டி

இத்தனையும் படித்துவிட்டு நாமே நோய்க்குப் பெயர் சூட்டிவிடக் கூடாது. டெங்குவிலும் தடிப்பு வரும். மருந்து ஒவ்வாமையிலும் வரும். இலேசான தடிப்பென்று நாம் ஒதுக்கும் ருபெல்லா, கருவுற்ற தொடக்க மாதங்களில் இருக்கும் பெண்ணைத் தொற்றினால் சிசுவின் கண், செவி, இதயம் ஆகியவற்றைப் பாதிக்கலாம். நோயின் கோலமும் காலப்போக்கில் மாறுவதுண்டு. 2020இல் மணம் தெரியாமற்போவது கொரோனாவின் முக்கிய அடையாளமாக இருந்தது. பின்னர் பரவிய ஒமிக்ரான் வகையில் அது வெகுவாகக் குறைந்தது.

ஆகவே அறிகுறி ஐயத்தை எழுப்பும். சோதனை அதை உறுதி செய்யும். அந்தச் சோதனைக்கும் நாள் கணக்கு தேவை. டெங்குவில் என்.எஸ்.1 என்னும் சோதனை முதல் ஐந்து நாட்களில் பயன்படும். எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். சோதனையோ ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகே நம்பத்தக்கது. தொடங்கிய நாளைத் தவறாகச் சொன்னால் சோதனையின் முடிவும் தவறான பொருளைத் தரக்கூடும்.

வீட்டில் ஒரு குறிப்பேடு

காய்ச்சல் கண்ட நாள் முதல் ஒரு தாளில் இவற்றைக் குறித்து வாருங்கள்:

1. காய்ச்சல் தொடங்கிய தேதி, நேரம். காலை மாலை வெப்பமானியின் அளவு.
2. ஒவ்வோர் அறிகுறியும் தோன்றிய நாள். தடிப்பு முதலில் தோன்றிய இடம்.
3. சிறுநீர் கழித்த நேரம், குடித்த நீராகாரம்.
4. கொடுத்த மருந்தின் பெயரும் அளவும்.
5. வீட்டிலோ பள்ளி, மதரஸாவிலோ வேறு யாருக்கேனும் இதே நோய் உண்டா என்பது. பிள்ளைக்குப் போட்ட தடுப்பூசிகள்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் வேண்டாம். அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். வைரஸை ஆன்டிபயாடிக் மருந்துகள் அழிப்பதில்லை. எனவே கடையில் நாமாக அவற்றை வாங்கிக் கொடுப்பதும் வீண்.

ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் ஈமானின் வழி. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்பித்திருப்பதும் அதே வழிதான். ஒன்றைக் காரணம் காட்டி மற்றொன்றைத் தாமதப்படுத்துவது முறையன்று. பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். காய்ச்சல் இறங்கிய அந்த இரவிலும் அவர்கள் அருகே விழித்திருப்பது அந்த அமானிதத்தைப் பேணுவதேயாகும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் நோயுற்றோருக்கு ஷிஃபாவை வழங்கியருள்வானாக! ஆமீன்.