தேசிய விளையாட்டுக்கு எவ்வளவு இடம் வேணும்?

திருகோணமலை பஸ் நிலையத்தில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கோ, எங்கட நாட்டின் தேசிய விளையாட்டு எது எண்டு. கனபேர் கிரிக்கெட் எண்டுதான் சொல்லுவினம். உண்மையில் கரப்பந்தாட்டம். 1991இல் அரசாங்கம் அறிவித்தது. 1996இல் லாகூரில் அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தைத் தூக்கினார். அதற்குப் பிறகு கரப்பந்தாட்டம் பொது அறிவுக் கேள்வியாகிப் போச்சு.

உலகமே உதைபந்தின் பின்னால் ஓட, சில நாடுகள் ஏன் வேறொன்றைப் பிடிக்கின்றன? "மரபு" எண்டு சொல்லித் தப்பிவிடலாம். ஆனால் கரப்பந்தாட்டம் எங்கட பாட்டன் சொத்தா? 1895இல் அமெரிக்காவில் வை.எம்.சி.ஏ.காரரான வில்லியம் மோர்கன் உருவாக்கியது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக இங்கே வந்தது. கிரிக்கெட்டும் உதைபந்தும் வெள்ளைக்காரனோடு வந்தவை. 1957 வரை பிரித்தானியக் கடற்படையை வைத்திருந்த துறைமுகத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வந்ததில் எது தங்கும் என்பதை நிலம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது என்பது எங்கட எண்ணம். உதைபந்துக்கு நூறு மீற்றர் அளவு நீளம் வேணும். கரப்பந்துக்கு 18க்கு 9 மீற்றர் போதும். இரண்டு கம்பம், ஒரு வலை. (கடற்கரைக் கிராமத்தில் வலைக்கா பஞ்சம்?) மலைநாடான நேபாளமும் 2017இல் கரப்பந்தாட்டத்தைத்தான் தேசிய விளையாட்டாக்கியது. எங்களுக்கு அதில் ஆச்சரியமில்லை.

எங்கட ஊரில் நிலம் எவ்வளவு மிஞ்சியிருக்கு? துறைமுகம், படைமுகாம், எண்ணெய்த் தாங்கி, ஹோட்டல் எல்லாம் போக, பெரிய மைதானம் எண்டால் ஏகாம்பரம், மக்கெய்சர் எண்டு ஒன்றிரண்டு பேர்தான் வாயில் வருது. பின்னேரத்தில் அங்கே இடம் பிடிப்பது பொடியன்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் உதைபந்துப் பைத்தியங்களுக்குக் குறைவில்லை, அது நல்லதுதான். ஆனால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பெட்டையள் எங்கே விளையாடுறது? பெரிய மைதானத்தின் ஓரத்தில் நின்று "எங்களுக்கும் தாங்கோ" எண்டு கேட்க எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வந்தாலும் வீட்டில் விடவேணுமே.

கரப்பந்தாட்டம் இங்கேதான் கைகொடுக்கும். பாடசாலை முற்றத்திலோ வாசிகசாலைக்குப் பக்கத்திலோ, அம்மாமார் பார்க்கக்கூடிய தூரத்தில் ஒரு களம் போடலாம். ஆண்களுக்கு வலை 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24, கொஞ்சம் இறக்கிக் கட்டினால் சரி. தேசிய விளையாட்டு எண்டு அறிவித்து முப்பது வருஷத்துக்கு மேலாச்சு. பிரதேச சபைகளிடம் நாங்கள் கேட்பது அரங்கம் இல்லை: கிராமத்துக்கு ஒரு களம், நாலு மின்குமிழ், கிழமையில் மூன்று பின்னேரம் பெட்டையளுக்கு மட்டும்.