நாய்களுக்கு இருதய மருந்து கொடுப்பதைப் பற்றிச் சில வார்த்தைகள்

களத்து நெல்லையும் பட்டி ஆட்டையும் காத்து நிற்கும் நாய்க்கு முதுமையில் இருதய வியாதி உண்டாகிறது என்பதும், அதற்கு மருந்து உண்டு என்பதும் இப்போது குடியானவர்கள் பலருக்குத் தெரிந்த விஷயங்களே. ஆயினும் மருந்து கிடைப்பது வேறு, அதைப் பிரயோகிக்கும் முறை வேறு. வியாதி செய்யும் கெடுதலோடு, வீட்டிலுள்ளோர் தாமே மருந்தைக் கூட்டியும் குறைத்தும் நிறுத்தியும் செய்யும் கெடுதலும் சேர்ந்துகொள்கிறது என்பது எனது அபிப்பிராயம்.

எனக்குப் பழக்கமான குடியானவர் ஒருவர் வீட்டில் 6 கிலோ எடையுள்ள கிழ நாய் ஒன்று இருந்தது. இரவில் இருமலும் இரைப்பும் கண்டமையால் மிருக வைத்தியரிடம் காட்டி மூன்று மருந்துகள் வாங்கினார். பத்து நாளில் இரைப்பு நின்றது. வியாதி தீர்ந்ததென்று எண்ணி மருந்து யாவற்றையும் நிறுத்திவிட்டார். மூன்றாம் வாரத்தில் இரைப்பு முன்னிலும் பலமாகத் திரும்பிற்று. அன்றிரவு, தம் தகப்பனாருக்கென்று வைத்திருந்த 40 மில்லிகிராம் பியூரோசிமைடு மாத்திரையை முழுதாக இருமுறை கொடுத்தார். நாய்க்கு வைத்தியர் எழுதியிருந்ததோ வேளைக்கு 10 மில்லிகிராமே. நாய் ஓயாமல் திண்ணையை நனைக்கவே, தண்ணீர்ச் சட்டியையும் எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் உச்சிப்பொழுதில் அது எழுந்து நிற்கமாட்டாமற் போயிற்று. சிகிச்சையினால் உயிர் தப்பியது. ஆனால் அதன் சிறுநீரகங்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அவர் அன்பில்லாதவர் அல்லர். மருந்து என்ன வேலை செய்கிறது என்பதை அவருக்கு ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை. சிறு ஜாதி நாய்களுக்கு முதுமையில் இருதயத்தின் இடப்புறத்து வால்வு தடித்து, நன்றாக மூடாமற் போகிறது. இரத்தம் பின்னோக்கிக் கசிந்து இருதயம் பெருத்து, முடிவில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. டாபர்மன் போன்ற பெரிய ஜாதிகளிலோ இருதயத் தசையே தளர்ந்துவிடுகிறது. பியூரோசிமைடு அந்த நீரைச் சிறுநீராக வெளியேற்றுகிறதேயன்றி வால்வைச் செப்பனிடுவதில்லை. ஆகையால் மருந்தை நிறுத்தினால் நீர் மீண்டும் கோக்கும். மருந்து கொடுத்துக்கொண்டே தண்ணீரை மறுத்தாலோ உடல் வறண்டு சிறுநீரகம் கெடும். திண்ணை நனைவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

பிமோபெண்டான் என்பது இருதயம் சுருங்கும் வலிமையை அதிகப்படுத்தி, இரத்தக் குழாய்களையும் தளர்த்துவது. எடையில் கிலோ ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 0.5 மில்லிகிராம் வீதம், இரு வேளையாகப் பிரித்து, ஆகாரத்திற்கு ஒரு மணி முன்னதாகக் கொடுப்பது வழக்கம். 2016-ல் வெளியான ஈபிக் என்னும் ஆராய்ச்சியில், வால்வு கசிந்து இருதயம் பெருத்திருந்தும் இரைப்பு இன்னும் தோன்றாத நாய்களுக்கு இதைக் கொடுத்துவர, வியாதி முற்றுவது சுமார் 15 மாதம் தள்ளிப்போயிற்று. இதைக் கேள்வியுற்று இருமுகின்ற நாய்க்கெல்லாம் இம்மருந்தை வாங்கிப் போடுதல் தவறு. அந்த நாய்கள் பரீட்சை செய்து நிச்சயிக்கப்பட்டவை. இருதயத்தினின்று இரத்தம் வெளிப்படும் வழி குறுகியுள்ள நாய்க்கு இம்மருந்து ஆகாது.

டிகாக்சின் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். நம் வேலியிலுள்ள அரளியின் நஞ்சும் இம்மருந்தும் ஓரினத்தைச் சேர்ந்தவை என்றால் வாசகர்களுக்கு விளங்கும். பயன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையில் உள்ள தூரம் சொற்பம். இதைக் கொடுத்துவரும் நாய் சோற்றை வெறுத்தாலும் வாந்தியெடுத்தாலும் அடுத்த வேளையைக் கொடுக்குமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

நிற்க, கிழ நாய் நொண்டுகிறதென்று மனிதருக்குரிய வலி மாத்திரையைக் கொடுப்போரும் உளர். இபுப்ரோபென் தனியாகவே நாய்க்குக் கேடு செய்வது. பியூரோசிமைடும் எனலாப்ரிலும் உட்கொள்ளும் நாய்க்குக் கொடுத்தால் சிறுநீரகத்தின் கதி சொல்ல வேண்டியதில்லை. மாத்திரையைக் கருவாட்டிலோ ஊறுகாய்ச் சோற்றிலோ பொதிந்து கொடுப்பதும் கூடாது. உப்பு நீரைத் தேக்கும். ஒரு துண்டு இட்லியே போதும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாய்க் கொடுக்கலாகாது.

எஜமானர் செய்யவேண்டிய வேலை வேறொன்று உண்டு. அதற்குச் செலவும் இல்லை. நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு எழுந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிஷம் எண்ணி, தினந்தோறும் ஒரு நோட்டில் குறித்து வருதல் வேண்டும். எண்ணிக்கை 30-க்கு மேற்பட்டு நீடித்தால் நுரையீரலில் நீர் சேருகிறதென்று சந்தேகித்து, இருமலுக்குக் காத்திராமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும். அந்த நோட்டைப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அவர் பொறுப்பு.

வைத்தியர்கள் மீதும் குறையில்லாமல் இல்லை. மாத்திரையின் பெயரை மட்டும் கிறுக்கிக் கொடுக்கும் சீட்டைக் கொண்டு குடியானவர் என்ன அறிவார்? நாயின் எடை, வேளைக்கு எத்தனை மில்லிகிராம், எதைக் கண்டால் உடனே வரவேண்டும் என்ற மூன்றையும் தமிழில் எழுதிக் கொடுக்க ஐந்து நிமிஷம் பிடிக்காது.

மாம்ச வாசனை சேர்த்துச் செய்த மாத்திரைகளை நாய் பெட்டியோடு கடித்துத் தின்றுவிடும். ஆதலால் இவற்றையும் பெரியவர்களின் இரத்த அழுத்த மாத்திரைகளையும் எட்டாத அலமாரியில் வைத்தல் வேண்டும. தின்றுவிட்டால் உப்புநீர் புகட்டி வாந்தியெடுக்கச் செய்யாமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாய் இறந்தபின் மீந்த மாத்திரைகளைப் பக்கத்து வீட்டு நாய்க்குத் தானம் செய்யும் வழக்கமும் சில ஊர்களில் இருக்கிறது. அந்த நாயின் எடையும் வியாதியும் வேறாதலால், அவற்றைக் கொடுத்த வைத்தியரிடமே திருப்பி ஒப்படைப்பது நலம்.