சாவிக்கு முன்னால் பஸ்

சென்னை மாநகரப் பேருந்துகளில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசிச் சில ஆண்டுகள் பெரும்பாக்கம் பக்கம் போகும் வண்டிகளில் ஓடின. எங்கள் தொழிலில் ஒரு வழித்தடத்தின் தலையெழுத்து கலெக்ஷன்தான். கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்று பார்ப்பார்கள். தேறாத நடைக்குத்தான் முதலில் கை வைப்பார்கள். அதில் யார் ஏறினார்கள், எதற்காகப் போனார்கள் என்று எழுத, வசூல் கணக்கு எழுதும் வே பில்லில் இடமில்லை.

யார் ஏறினார்கள் என்று நான் சொல்கிறேன். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து கொண்டுவந்து பெரும்பாக்கத்தின் அரசு வாரியக் குடியிருப்பில் குடியேற்றப்பட்டவர்கள். பழைய இடத்தில் நான்கு தெரு தள்ளி வீட்டு வேலைக்கு நடந்தே போன பெண்கள், விடியும் முன்னே முதல் வண்டிக்கு நின்றார்கள். எக்ஸ்ரே கவரை மடங்காமல் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்கள். மாதம் ஏற ஏற, படியில் ஏறத் தடுமாறும் கர்ப்பிணிகள். டயாலிசிஸ் முடிந்து திரும்புகிறவருக்கு யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உண்டு. கூட்டத்தில் அவர் முகம் யாருக்குத் தெரியப்போகிறது?

அந்தக் குடியிருப்புக்குச் சற்றுத் தூரத்திலேயே பெரிய தனியார் மருத்துவமனை இருக்கிறது. ஆனால் இவர்கள் என்னிடம் டிக்கெட் கேட்டது ராயப்பேட்டைக்கும் சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சுக்கும். புறநோயாளிகளுக்கான ஓ.பி. சீட்டு காலையில்தான். வண்டி தவறினால் சீட்டு போச்சு, அன்றைய கூலியும் போச்சு. அடுத்த தடவை சர்க்கரை மாத்திரை வாங்கவே போகமாட்டார்கள். அதை நோயாளியின் அலட்சியம் என்று எழுதிவிடுவது சுலபம். என்னைக் கேட்டால், பாதி அலட்சியம் பஸ் அட்டவணையில் இருக்கிறது.

2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. நல்ல காரியம். அந்தச் செலவை அரசே ஈடு செய்கிறது என்பதால் ‘கலெக்ஷன் இல்லை’ என்ற பழைய சாக்கும் பலவீனமாகிவிட்டது. ஆனால் வருகிற வண்டி டீலக்ஸாக இருந்தால் சலுகை செல்லாது. இலவச வண்டிக்குக் காத்து நிற்கும் நேரமும் செலவுதானே? இப்போது நடத்துநர் கையில் டிக்கெட் மெஷின் இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த ஸ்டேஜில் எத்தனை பெண்கள் ஏறுகிறார்கள் என்று அதைக் கொண்டே சொல்லிவிடலாம். திட்டம் போடுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.

அவர்களின் பார்வை இப்போது வெகுதூரத்தில் இருக்கிறது. கும்டா என்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்தின் திட்டம் 2048 வரைக்கும் பார்க்கிறது. மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர், 63,000 கோடி ரூபாய்க்கும் மேல். அதில் பெரும்பாக்கம் என்ற பெயரிலேயே நிலையம் வருகிறது. ஆனால் அது சோழிங்கநல்லூர்–மேடவாக்கம் சாலையில். வாரியக் குடியிருப்புகள் அதைவிட்டு உள்ளே தள்ளி இருக்கின்றன. நடுவில் ஓடப்போவது இணைப்புப் பேருந்தா, ஷேர் ஆட்டோவா? ஷேர் ஆட்டோ என்றால் அந்தக் காசு வேறு, மெட்ரோ டிக்கெட் வேறு. வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தக் கணக்கு கட்டாது.

நடைபாதையைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும். போக்குவரத்துக்கு ஒதுக்கும் பணத்தில் 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிடுவது என்று மாநகராட்சி 2014-லேயே கொள்கை வகுத்தது. மழைக்காலத்தில் நிறுத்தத்தில் இறங்கும் பாட்டி எங்கே கால் வைப்பது என்று தேடுவதை அந்தக் கொள்கை எழுதியவர்கள் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

என் கோரிக்கை பெரியதல்ல. ஓ.பி. நேரத்தையும் பேருந்து அட்டவணையையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போகும் முதல் நடையையும் இரவு வேலை முடிந்து திரும்பும் கடைசி நடையையும் வசூல் கணக்கிலிருந்து விலக்குங்கள். இனி எந்தக் கரையிலிருந்து யாரைக் கிளப்பினாலும், வீட்டுச் சாவி கொடுப்பதற்கு முன்பே அந்த இரண்டு வண்டிகளும் எத்தனை மணிக்கு என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.