கேடயம் வென்ற கல்லூரிப் பிள்ளை

சென்ற ஞாயிறு மாலை மல்லேஸ்வரம் பதினெட்டாவது கிராஸ் மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். நம் சங்கத்து அன்பர் ஒருவர் வழிமறித்தார். அவருடைய இளைய குமாரன் கல்லூரிக் கால்பந்துக் குழுவுக்குத் தேர்வாகியிருக்கிறானாம். மகிழ்ச்சி தெரிவிக்க நான் வாய் திறப்பதற்குள், "பரீட்சை முடியும்வரை பந்தைத் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டேன். தாங்களும் நாலு வார்த்தை புத்தி சொல்ல வேண்டும்" என்றார்.

புத்தி சொல்லும் தகுதி எனக்கு ஏது? 1911-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நடந்ததொரு கதையை அவருக்குச் சொன்னேன். நேயர்களுக்கும் அதுவே இம்மாத விருந்து.

ஐ.எஃப்.ஏ. கேடயப் போட்டி 1893-இல் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகளாக அதனை இந்தியர் குழு எதுவும் வென்றதில்லை. 1911 ஜூலையில் மோகன் பாகான் குழு களம் இறங்கிற்று. பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் சுதீர் சாட்டர்ஜி ஒருவரே, ஏனையோர் வெறுங்காலினர். முன்வரிசையில் ஆடிய அபிலாஷ் கோஷ், ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர்.

கல்கத்தாவில் ஜூலை என்றால் மழை. பந்தை அணைத்துச் செல்வதில் வெறுங்காலுக்குத் தனி நயமுண்டு. ஆனால் சேற்றில் அது வழுக்கும். பட்டாளத்துப் பூட்ஸ் மிதித்தாலோ, விரல் என்ன ஆகுமென்று சொல்லத் தேவையில்லை.

முதற் சுற்றில் எதிர்ப்பட்டதும் ஒரு கல்லூரிதான்: செயின்ட் சேவியர்ஸ். 3-0 என்று மோகன் பாகான் வென்றது. அடுத்து ரேஞ்சர்ஸ், அதற்கப்பால் ரைபிள் பிரிகேட். மிடில்செக்ஸ் படையுடன் முதலில் சமநிலை. மறு ஆட்டத்தில் 3-0. ஜூலை 29 அன்று இறுதி ஆட்டம். எதிரணி ஈஸ்ட் யார்க்ஷையர் படை. முதல் கோலும் அவர்களுடையதே. தலைவர் சிவதாஸ் பாதுரி அதனைச் சமன் செய்தார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் வெற்றிக் கோலை அடித்தவர் நம் கல்லூரிப் பிள்ளை அபிலாஷ்!

அவ்வாண்டு டிசம்பரிலேயே தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாக அரசர் அறிவித்தார். பந்துக்கு அஞ்சியே ஓடினார்கள் என வேடிக்கையாய்ச் சொல்வாருண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இந்தியர் குழு மறுமுறை அக்கேடயத்தை ஏந்த 1936 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதே அன்றைய வெற்றியின் அருமையைக் காட்டப் போதும்.

"கல்கத்தா கதை நமக்கெதற்கு?" என்றார் அன்பர்.

நம் ஊர்க் கதையும் உண்டு. பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை 1937-இலும் 1938-இலும் வென்றது பெங்களூர் முஸ்லிம் குழு. 1948-இல் லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக நம்மவருக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலை அடித்தவர் மைசூருக்காக ஆடிய சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுவே. அணியில் பெரும்பாலோர் அன்றும் வெறுங்காலோடுதான் ஆடினர்.

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. இருவருமாகச் சம்பிகே ரோடு வரை நடந்தோம். அங்கே ஒரு செருப்புக் கடை வாயிலில் நின்று, பூட்ஸ் என்ன விலை என்று விசாரித்தார்.