கைவிடும் சுதந்திரம்

கூகுள் 2009 டிசம்பரில் ‘கூகுள் எனர்ஜி’ என்ற துணை நிறுவனத்தைத் தொடங்கியது. மின்சாரத்தை மொத்தச் சந்தையில் வாங்கவும் விற்கவும் அதற்கு அமெரிக்காவின் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2010 பிப்ரவரியில் அனுமதி கொடுத்தது. வீட்டு மின் செலவைக் கணினித் திரையில் காட்டும் ‘பவர்மீட்டர்’ என்ற இலவசச் சேவை அதற்கு முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. 2012இல் கான்சஸ் சிட்டி வீடுகளுக்குக் கூகுளின் இணைய இழை போனது. 2014 ஜனவரியில் வீட்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவி செய்யும் ‘நெஸ்ட்’ நிறுவனத்தை 320 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவிப்பு வந்தது. தேடுபொறிக்காரர்கள் இப்படி வீட்டுச் சுவர் வரை வந்தபோது ஒரு நம்பிக்கையும் கூடவே வந்தது: பழைய மின் நிறுவனங்கள் மந்தமானவை, இவர்கள் கெட்டிக்காரர்கள், தேடலை நொடியில், காசில்லாமல் தந்தவர்கள் மின்சாரத்தையும் தண்ணீரையும் அப்படியே சீராக்கிவிடுவார்கள்.

கெட்டிக்காரத்தனத்தில் சந்தேகம் இல்லை. மின் நிறுவனங்களின் மந்தமும் கட்டுக்கதை அல்ல. ஆனால் அத்தியாவசியச் சேவைக்கு முதல் தகுதி கெட்டிக்காரத்தனம் அல்ல, விட்டுவிட்டுப் போக முடியாத கட்டாயம். நம்பிக்கை வழுக்கும் இடம் அதுதான்.

அந்தக் கட்டாயத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. சிகாகோவின் தானியக் கிடங்குகளைப் பற்றிய மன் - இல்லினாய் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1877இல் ஒரு கோட்பாட்டை நிறுவியது: பொது நலன் தோய்ந்த தொழிலில் இறங்கியவரின் கட்டணத்தை அரசு கட்டுப்படுத்தலாம். மின்சாரத்தில் அதை முன்னெடுத்தவர் ஒரு மின் முதலாளி என்பது வேடிக்கை. சிகாகோவின் சாமுவேல் இன்சல் 1898இலேயே மாநில ஒழுங்குமுறை வேண்டும் என்று தன் தொழில்காரர்களிடம் பேசினார். ஒரு பகுதிக்கு ஒரே நிறுவனம், பதிலுக்குக் கட்டணத்தை ஆணையம் தீர்மானிக்கும்; கேட்ட வீட்டுக்கெல்லாம் இணைப்பு கொடுத்தாக வேண்டும், ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமல் சேவையை நிறுத்தக் கூடாது. இதுதான் பேரம். இன்சலின் சொந்தச் சாம்ராஜ்யம் 1932இல் சரிந்தபின், 1935இல் வந்த சட்டம் மின் நிறுவனங்களைக் கையில் வைத்திருக்கும் பெருங்குழுமங்கள் தொடர்பில்லாத வேறு தொழில்களில் கால்பரப்புவதைத் தடுத்தது. அந்தச் சட்டம் 2005இல் நீக்கப்பட்டது.

தொழில்நுட்ப நிறுவனத்தின் பழக்கம் இதற்கு நேர் எதிர். பத்தைத் தொடங்கி, பிடிக்காத எட்டை மூடிவிடுவது அங்கே திறமையின் அடையாளம். பவர்மீட்டர் 2011 செப்டம்பர் 16 அன்று மூடப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். நெஸ்ட் 2014இல் வாங்கிய ‘ரிவால்வ்’ என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கதை இன்னும் மோசம். 300 டாலர் விலைக்கு விற்ற பெட்டி அது. 2016 மே மாதத்தில் சர்வரை நிறுத்தியதும், பழுதே இல்லாத பெட்டி வெறும் பிளாஸ்டிக் ஆனது. விளக்கும் கதவுப் பூட்டும் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்தின.

லூயிவில் நகரத்தில் கூகுளின் இணைய இழைக்கு நடந்தது தெருவிலேயே கண்ணுக்குத் தெரிந்தது. செலவைக் குறைக்க, ஆழமாகத் தோண்டாமல் சாலையின் மேல்தோலில் இரண்டு அங்குல ஆழத்துக்குக் கீறி, இழையைப் பதித்து, மேலே ரப்பர் போன்ற பசையை ஊற்றினார்கள். போக்குவரத்தில் பசை பிதுங்கிச் சாலை நெடுகக் கயிறு கயிறாகக் கிடந்தது. இழையும் வெளியே தெரிந்தது. 2019 பிப்ரவரியில் வெளியேறுவதாக அறிவித்து, ஏப்ரல் 15இல் சேவையை நிறுத்திவிட்டார்கள். சாலைகளைச் சீராக்க நகரத்துக்கு 38 லட்சத்து 40 ஆயிரம் டாலர் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மின் நிறுவனம் ஒன்று இரண்டு மாத அவகாசத்தில் ஒரு நகரத்தைவிட்டு இப்படிக் கிளம்ப முடியாது.

‘மறைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்கு மீட்டர் கணக்கால் என்ன கெட்டுவிடும்’ என்பது இந்த நம்பிக்கையின் இன்னொரு முகம். மின் கணக்கு வெறும் எண்ணிக்கை அல்ல. ஃபிரிட்ஜ் ஓடும்போது, வெந்நீர் ஹீட்டர் போடும்போது, துணி உலர்த்தும் இயந்திரம் சுழலும்போது மின் அளவு ஒவ்வொரு விதமாக ஏறி இறங்கும். மொத்த அளவை மட்டும் பார்த்து எந்தச் சாதனம் எப்போது ஓடியது என்று பிரித்தறியும் முறையை 1980களில் எம்.ஐ.டி.யில் ஜார்ஜ் ஹார்ட் உருவாக்கினார். வீட்டார் எப்போது எழுகிறார்கள், எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தக் கோட்டில் தெரியும். இல்லினாயின் நேப்பர்வில் நகரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்டர் அளவைச் சேகரித்ததைப் பற்றிய வழக்கில், அது அரசமைப்புச் சட்டத்தின் பொருளில் ஒரு ‘சோதனை’தான் என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. கட்டணக் கணக்குக்கும் மின் நிர்வாகத்துக்கும் நகரம் அதைச் செய்வது நியாயமே என்றும் சேர்த்துச் சொன்னது. அந்தத் தீர்ப்பு காவல் காப்பது அரசின் கையைத்தான். விளம்பரத்தில் பிழைக்கும் தனியார் நிறுவனம் தன் செயலி வழியாக அதே தகவலைப் பெற்றால், பயனர் படிக்காமல் ‘சம்மதம்’ என்று தட்டிய ஒப்பந்தம்தான் பெரும்பாலும் வேலி.

வீட்டைப் பற்றி இவ்வளவு அறியக்கூடிய தரப்பு தன்னைப் பற்றிக் காட்டத் தயங்கியதும் உண்டு. ஓரிகான் மாநிலத்தின் த டாலஸ் ஊரில் 2006 முதல் கூகுளின் தரவு மையம் இயங்குகிறது. அது எவ்வளவு தண்ணீர் எடுக்கிறது என்று ஒரு நாளிதழ் கேட்டபோது, வணிக ரகசியம் என்று சொல்லி ஊர் நிர்வாகமே நீதிமன்றம் போனது. ஓராண்டுக்கும் மேல் இழுத்த வழக்கு 2022 இறுதியில் முடிந்து கணக்கு வெளிவந்தது: ஊரின் மொத்தத் தண்ணீர்ச் செலவில் கால் பங்குக்கும் மேல்.

‘அவர்கள் வந்தால் தூய்மையான மின்சாரம் வரும்’ என்பதில் பாதி உண்மை உண்டு. காற்றாலை, சூரிய மின்சாரத்துக்குக் கூகுள் பெரிய வாடிக்கையாளர். ஆனால் 2023இல் அதன் கார்பன் வெளியீடு 2019ஐவிட 48 சதவீதம் கூடியிருந்ததை அதன் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. தரவு மையங்களின் மின்பசி அதில் முக்கியக் காரணம்.

நீண்டகால வாக்குறுதி கொடுக்கத் தெரியாத நிறுவனமும் அல்ல அது. 2010 ஜூலையில் அயோவா காற்றாலை ஒன்றிலிருந்து 114 மெகாவாட்டை 20 ஆண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. அடுத்த ஆண்டுதான் பவர்மீட்டரை மூடியது. 2025 அக்டோபரில், மூடிக் கிடக்கும் அயோவாவின் டுவேன் ஆர்னால்ட் அணுமின் நிலையத்தை மீண்டும் இயக்கி 25 ஆண்டுக்கு மின்சாரம் வாங்கும் ஏற்பாட்டை நெக்ஸ்ட்எரா மின் நிறுவனத்துடன் அறிவித்தது. அதே மாதம் 25ஆம் தேதி, 2011லும் 2012லும் வெளிவந்த முதல் இரண்டு தலைமுறை நெஸ்ட் தெர்மோஸ்டாட்டுகளுக்கு ஆதரவை நிறுத்தியது. அவை இன்னும் சுவரில் இருக்கின்றன. கையால் திருகினால் வெப்பம் கூடும், குறையும். போனிலிருந்து மட்டும் அவற்றைத் தொட முடியாது.