சர்க்கார் கணக்கும் கணக்கில் வராத தொழிலாளரும்

"இன்ன தொழிலில் இத்தனை பேர் வேலையிலிருக்கிறார்கள்" என்று சர்க்கார் ஒரு ஜாபிதாவை வெளியிட்டுவிட்டால் போதும். படித்தவர்கள் அதை வேதவாக்காக ஏற்றுக்கொண்டு பேசத் தொடங்கிவிடுகிறார்கள். யாரைக் கேட்டார்கள், எதை அளந்தார்கள், யாரை விட்டார்கள் என்று கேட்பவன் அதிகப்பிரசங்கியாகிவிடுகிறான்.

இந்திய சர்க்கார் 2017ம் வருஷம் முதல் வீடு வீடாக நடத்திவரும் தொழிலாளர் கணக்கெடுப்பையே பார்ப்போம். அதன் வாராந்தர அளவுகோல் என்ன? ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தால் போதும், அவர் வேலையிலிருப்பவர். ஆறு நாள் வேலையின்றித் திரும்பிய கொத்தனாரும் கட்டடத் தொழிலில் ஒரு தலை. ஏழு நாளும் உழைத்தவரும் ஒரு தலை! வருஷக் கணக்கிலோ முக்கியத் தொழில் ஒன்று, துணைத் தொழில் ஒன்று என இரண்டுக்குத்தான் இடம். வயல், கட்டடம், செங்கல் சூளை என்று மூன்றிடத்தில் பாடுபடுகிறவனின் மூன்றாவது தொழில் எங்கே போயிற்று?

நிற்க, தன் வீட்டுக்கு நெல் குற்றும் பெண் வேலை செய்பவளல்லளாம்; அடுத்த வீட்டில் கூலிக்குக் குற்றினால் வேலை செய்பவளாம். உலக்கையும் ஒன்று, வியர்வையும் ஒன்று. பேரேடு மட்டும் வேறு!

தொழிற்சாலைகளின் வருஷாந்தரக் கணக்கோ, 1948ம் வருஷத்திய சட்டத்தை ஒட்டி, மின்சக்தியிருந்தால் 10 பேர், இல்லாவிடில் 20 பேர் என்ற அளவை வைத்தே திரட்டப்பட்டு வந்தது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கங்களில் முறத்தை மடியில் வைத்து வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணிடம் அந்தக் கணக்கு வருவதேயில்லை. வீட்டுக் கணக்கு வந்தாலும், புருஷன் வாசலில் நின்று, "அவள் வீட்டோடு இருக்கிறாள்" என்று சொல்லிவிட்டால் அவளும் தொலைந்தாள், அவள் தொழிலும் தொலைந்தது.

"சிறு தொழில்களுக்குத் தனிக் கணக்கெடுப்பு உண்டே" என்பார்கள். உண்டு. ஆனால் அதில் விவசாயமுமில்லை, கட்டட வேலையுமில்லை. ஆளுக்கொரு படியால் அளந்த நெல்லை ஒன்றாகக் கொட்டி, இத்தனை மரக்கால் என்று எப்படிச் சொல்வது?

கணக்கே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கணக்கில் இல்லாதவனுக்குச் சட்டத்திலும் திட்டத்திலும் இடம் கிடைப்பதில்லை என்பதனாலேயே இவ்வளவும் சொல்லுகிறோம். பெண்ணின் வேலையைப் பெண்ணிடமே கேட்கட்டும். தலையை எண்ணுவதோடு, அந்தந்தத் தொழிலில் உழைத்த மணியையும், கிடைத்த கூலியையும் சேர்த்து எழுதட்டும். ஒவ்வொரு தொகைக்குப் பக்கத்திலும், இதில் யார் சேரவில்லை என்பதையும் அச்சிடட்டும். அதைச் செய்யாமல், "வேலை பெருகிவிட்டது" என்று மேடையில் முழங்குவது யாரை ஏமாற்ற? தொழிலாளத் தோழர்களே, தொகையைக் கேட்டவுடன் கை தட்டாதீர்கள். அதில் நீங்கள் இருக்கிறீர்களா என்று முதலில் கேளுங்கள்.