கவலையும் வேண்டுதலும்



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த நம் போன்ற குடும்பங்களுக்கென்றே ஒரு தனிக் கவலை உண்டு. நமக்கு நேரும் துன்பத்தைக் காட்டிலும், அச்செய்தி ஊரில் இருப்போர் செவிக்கு எட்டிவிடுமோ என்னும் அச்சமே நம்மைப் பெரிதும் வாட்டுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு மஞ்சட்காமாலை கண்டது. பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தேன். ஊரில் தனித்திருந்த என் தாயாருக்கு இதனைத் தெரிவிக்கலாகாது என்று வீட்டாரிடம் கண்டிப்பாகக் கூறியிருந்தேன். அவர்கள் தொலைபேசியில் அழைத்தபோதெல்லாம் குரலைத் திடப்படுத்திக்கொண்டு, அலுவலகத்தில் வேலை மிகுதி என்று சொல்லிச் சமாளித்தேன். எனினும் இங்கிருந்து ஊருக்குச் சென்ற உறவினர் ஒருவர் வாய் தவறி உண்மையை உரைத்துவிட்டார். அன்றிரவே அம்மாவின் அழைப்பு வந்தது. நோய் தந்த வேதனையைவிட, அவர்கள் குரலில் கேட்ட நடுக்கம் என்னை அதிகமாக வருத்தியது.

அப்படுக்கையில் கிடந்த நாட்களில்தான், இளமை முதல் பலமுறை வாசித்தும் மனத்தில் ஊன்றாதிருந்த திருமறைப் பகுதி ஒன்று என் கண்ணில் பட்டது. பவுல் அப்போஸ்தலர் பிலிப்பி பட்டணத்துச் சபையாருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் அது.

பவுல் அப்போது காவலில் இருந்தார். அவர் இருந்த இடம் ரோமாபுரி என்பது தொன்றுதொட்டு வரும் கொள்கை. பிலிப்பியோ மக்கெதோனியா நாட்டில், கடலுக்கு அப்பால் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் இருந்தது. அவ்வூர்ச் சபையார் அவருக்கு வேண்டிய பொருளுதவியைச் சேர்த்து, எப்பாப்பிரோதீத்து என்பவரிடம் கொடுத்தனுப்பினர். வந்த இடத்தில் அம்மனிதர் சாவை நெருங்குமளவுக்கு நோயுற்றார். செய்தி எவ்வாறோ அவருடைய ஊரை எட்டிவிட்டது. ஊரார் கலங்கினர். தம் நோயை ஊரார் அறிந்துகொண்டனரே என்று அவரும் பெருந்துயர் கொண்டார். இதனை வாசித்தபோது, ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவர் என் கட்டிலருகே வந்து அமர்ந்ததுபோல் உணர்ந்தேன்.

பவுல் இத்துயரைக் கடிந்துகொள்ளவில்லை. எப்பாப்பிரோதீத்து இறந்திருந்தால் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் நேர்ந்திருக்கும் என்று தம் மனத்தையும் திறந்து காட்டுகிறார். நோய் நீங்கியவரை ஊருக்கே திருப்பி அனுப்புவதால் தம் துயரும் தணியும் என்கிறார். அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில்தான், எதைக் குறித்தும் கவலையுறாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் கடவுளுக்குத் தெரிவிக்குமாறு அவர் போதிக்கிறார். ஆகவே, கவலையை வெல்லுதல் என்பது நெஞ்சைக் கல்லாக்கிக்கொள்வதாகாது. அன்புள்ள இடத்தில் கலக்கம் பிறக்கவே செய்யும். பிறந்த கலக்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதையே அவர் கற்பிக்கிறார்.

அவர் சொல்லும் வழியில் இரண்டு படிகள் உள்ளன. ஒன்று, வேண்டியதை வெளிப்படையாகக் கேட்டல். கவலைக்குப் பெரும்பாலும் உருவம் இல்லை. அது இருட்டில் தெரியும் நிழல் போல வளர்ந்துகொண்டே போகும். மகளின் படிப்புச் செலவு, தந்தையின் இருதய நோய், நிலையற்ற உத்தியோகம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்கும்போது அந்நிழலுக்கு ஓர் எல்லை ஏற்படுகிறது. மற்றொன்று, நன்றி செலுத்துதல். இதுவரை நடத்தி வந்த கரத்தை நினைத்துப் பார்க்கும் நெஞ்சம், இனி நடக்கப்போவதைக் கண்டு முன்போல் அஞ்சுவதில்லை.

இவ்வாறு செய்வோர் இருதயத்தைத் தேவசமாதானம் காக்கும் என்கிறார் பவுல். ‘காத்தல்’ என்பதற்கு அவர் ஆளும் கிரேக்கச் சொல், போர்வீரர் நின்று காவல் புரிவதைக் குறிப்பது. பிலிப்பி, ஓய்வு பெற்ற ரோமப் படைவீரர் குடியேற்றப்பட்ட ஊர். அங்குள்ளோருக்கு அச்சொல்லின் வலிமை நன்கு விளங்கியிருக்கும். நோய் உடனே தீரும் என்றோ, கடன் மறுநாளே அடையும் என்றோ இங்கு வாக்குறுதி இல்லை. உள்ளத்துக்குக் காவல் உண்டு என்பதே வாக்குறுதி.

கேட்டது கிடைக்காதபோதும் அக்காவல் நிலைக்குமா? இதற்கு நம் நெல்லைச் சீமையிலேயே ஒரு சான்று உண்டு. அயர்லாந்தில் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1895 இல் இந்தியாவுக்கு வந்தார், தாய்நாட்டுக்குத் திரும்பவேயில்லை. தமிழ் கற்று, டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்குத் தாயானார். 1931 இல் குழியொன்றில் விழுந்து கால் முறிந்தது. சுகம் வேண்டி ஜெபித்தோர் பலர். ஆயினும் 1951 இல் மறையும் வரை, ஏறக்குறைய இருபது ஆண்டுகள், அவர் பெரும்பாலும் தம் அறையிலேயே இருக்க நேர்ந்தது. அவ்வறையிலிருந்தே நூல்கள் பல எழுதினார். தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகளுக்கான நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, ‘அம்மா’ என்னும் ஒரே சொல்லைப் பொறித்தனர்.

ஆகாயத்துப் பறவைகளைப் பார்க்கும்படி இயேசுநாதர் மலைப்பிரசங்கத்தில் சொன்னது வாசகர் பலரும் அறிந்ததே. மத்தேயு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தில், அப்போதனைக்குச் சற்று முன்னால்தான் அவர் கற்பித்த ஜெபமும் வருகிறது. அதில் அப்பம் கேட்கும்போது அன்றைய அப்பத்தையே கேட்கச் சொல்கிறார். கவலையோ ஓராண்டு அப்பத்தை இன்றே கண்ணால் காண விரும்புகிறது. இன்றைய வேலையை இன்று செய்து, நாளையை ஆண்டவர் கையில் விடுவதே விசுவாசம். விதைப்பதையும் சேமிப்பதையும் விட்டுவிடுதல் அதன் பொருளன்று. அவ்வாறே, வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, மனம் ஒடிந்து கிடப்போர் மருத்துவரை நாடுவதும் விசுவாசக் குறைவாகாது. ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மீண்டும் என் அம்மாவிடம் வருகிறேன். அன்றிரவு நடுங்கிய குரல் மறுநாள் காலை தெளிந்திருந்தது. இரவு நெடுநேரம் முழங்காலில் இருந்திருக்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தேன். “ஏன் இப்படி மறைத்தாய்?” என்று அவர்கள் கோபிப்பார்கள் என எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்னதோ வேறு: “முதல் நாளே சொல்லியிருந்தால், முதல் நாளிலிருந்தே உனக்காக ஜெபித்திருப்பேனே, ஐயா!”

அச்சொல் என்னைத் தலைகுனிய வைத்தது. அவர்களைக் கவலையிலிருந்து காப்பதாக எண்ணி, அவர்களால் செய்யக்கூடியதாயிருந்த ஒன்றையும் நான் பறித்திருந்தேன். சொல்லாமல் மறைத்தது இருபுறமும் பாரமாயிற்று. சொன்ன பின்னர் அதுவே வேண்டுதலாயிற்று.

இப்பக்கத்தை வாசிப்போர் அனைவரும் கிறிஸ்தவர் அல்லர் என்பதை அறிவேன். அவரவர் தொழும் முறை அவரவர்க்கு உண்டு. ஆயினும் யாவருக்கும் ஒரு விண்ணப்பம். ஊரிலிருக்கும் முதியோரிடம் இவ்வாரம் பேசும்போது, ‘எல்லாம் சௌக்கியம்’ என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். உங்கள் மனத்திலுள்ள பாரங்களில் ஒன்றையாவது அவர்களிடம் இறக்கிவையுங்கள்; அவர்கள் பாரத்தையும் கேளுங்கள். இரவு உணவுக்குப் பின் பிள்ளைகளோடு அமர்ந்து, அப்பெயர்களைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். பின்னர் விளக்கை அணைத்து உறங்குங்கள். இரவு முழுவதும் விழித்துக் காப்பவர் ஒருவர் இருக்கிறார்.